வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், தங்கச்சிமடத்து உறவுகளுக்கும் வணக்கம். ‘போதையில் விழுந்த பிள்ளையை மீட்பது வீட்டின் பாசமா, வெளியார் உதவியா?’ இதுதான் தலைப்பு. வெளியார் உதவியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சொன்னார்: “நாலு சுவத்துக்குள்ள முடிக்கிற விஷயம். ஒரு வாரம் ரூம்ல போட்டுப் பூட்டுங்க, அம்மா கையால சோறு குடுங்க, பய தெளிஞ்சிருவான்.” கைதட்டினீர்கள். அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

கஞ்சாவை நிறுத்திய முதல் வாரம் பையனுக்குத் தூக்கம் வராது, சோறு இறங்காது, தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். ‘திமிரு புடிச்சு அலையுறான்’ என்று அப்பா கையை ஓங்குவார். அவன் படுகிற பாட்டைப் பார்க்க மாட்டாமல் அம்மாவே நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடுவார். உடம்பு போதையைக் கேட்கிறது, கொஞ்ச நாளில் தணியும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? குடி, தூக்க மாத்திரை என்றால் இன்னும் ஆபத்து. பழகிப்போன உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். பூட்டிய ரூமுக்குள் வலிப்பு வந்தால் பாசம் என்ன செய்யும், அண்ணே?

எனக்குத் தெரிந்த வீடு ஒன்று, பேர் வேண்டாம். பையனுக்குப் பதினாறு வயது. துவைக்க எடுத்த சட்டைப் பையில் மாத்திரை அட்டை, பாதி காலி. தாய் அதைக் கொல்லைப்புறத்து மணலில் தோண்டிப் புதைத்தார். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். புருஷன் கரைக்கு வருவார், தூங்குவார், மறுபடி கடலுக்குப் போவார். அவரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் இப்படியே போனது. அந்தத் தாயிடம் பாசத்துக்கா பஞ்சம்? மனசு விட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஏர்வாடியை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6, தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர் போனது. அவர்கள் போதைக்கு அடிமையானவர்கள் இல்லை, தெரியும். ஆனால் கட்டிப்போடு, பூட்டிவை, ஊர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்கிற அந்த யோசனையைத்தான் அண்ணன் இந்த மேடையில் பாசம் என்ற பேரில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பதறுகிறது.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயம் இருக்கிறது, நியாயம்தான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுசாக முடித்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்தே விலக்கு உண்டு. பயப்பட வேண்டியவன் விற்கிறவன். சிறுவர் கையில் போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுத்தால், 2015 சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருஷம் வரை சிறை. நாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை அவன் பெட்டிக்கடை வாசலில் நிம்மதியாக நிற்பான்.

பாசம் வேண்டாம் என்று யார் சொன்னது? 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மா சென்னையில் தொடங்கிய போதை மீட்பு மையத்தில் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் சிகிச்சை தருகிறார்கள். அடிக்காமல், காசும் கொடுக்காமல் ஒரு பிள்ளையோடு எப்படி இருப்பது என்று பெற்றவர்களும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்குப் போகிற அப்பாமார் கரையில் இருக்கிற காலம். வலை பின்னுகிற நேரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, பையனைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள். அதற்கும் கூச்சமாக இருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் போடுங்கள், காசு கிடையாது.

நடுவர் ஐயா, தீர்ப்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகட்டும். அதற்கு முன்னால் அந்த நம்பரை உங்கள் வாயால் ஒரு தடவை மைக்கில் சொல்லிவிடுங்கள். பின்வரிசையில் நிற்கிற தாய்மார்களுக்கும் கேட்க வேண்டும்.