பெரிய காட்சியைக் காட்டாத படங்கள்

வணக்கம் நேயர்களே. டிராமா வகைப் படங்களில் உலக அளவில் தலைசிறந்தது எது என்ற கேள்வியை இன்றைய காணொளியில் எடுத்துக்கொள்கிறேன். பத்துப் படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கி ஓடிவிடுவது எளிது. அதைச் செய்வதாக இல்லை. என் தேர்வு, யசுஜிரோ ஓசு இயக்கி 1953-இல் வெளிவந்த ‘டோக்கியோ ஸ்டோரி’ என்ற ஜப்பானியப் படம். பெரும்பகுதி நேரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். துணைக்கு இன்னும் இரண்டு மூன்று படங்கள் வரும். பதிப்புரிமைச் சிக்கலால் படக் காட்சிகளை இங்கே ஓடவிட முடியாது; வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். கதை முடிவுகளையும் சொல்லிவிடுவேன். முடிவு தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று கருதுபவர்கள் இப்போதே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம். என்னைக் கேட்டால், இந்தப் படத்துக்கு அந்தக் கவலையே தேவையில்லை.

பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நடத்தும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ், 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை உலகின் சிறந்த படங்கள் எவை என்று வாக்கெடுப்பு நடத்தி வருகிறது. 2012-இல் இயக்குநர்கள் மட்டும் அளித்த வாக்குகளில் முதலிடம் பெற்றது ‘டோக்கியோ ஸ்டோரி’. 2022-ஆம் ஆண்டு விமர்சகர்கள் பட்டியலில் அது நான்காவது இடத்தில் இருந்தது. பட்டியல்களை நான் பெரிதாக மதிப்பவன் அல்லன். ஆயினும் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடி இந்தப் படத்தை முதலில் வைத்தது ஏன் என்று யோசித்தால், தங்களுக்குச் செய்யத் துணிவு வராத ஒன்றை ஓசு செய்திருக்கிறார் என்பதை அவர்கள் அறிந்திருந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் செய்தது இதுதான்: எந்தச் சம்பவங்களுக்காக மற்ற இயக்குநர்கள் படமே எடுப்பார்களோ, அந்தச் சம்பவங்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒனோமிச்சி என்ற கடலோர ஊரில் வாழும் ஷுகிச்சியும் அவருடைய மனைவி டோமியும், டோக்கியோவில் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறுகிறார்கள். மூத்த மகன் கோயிச்சி புறநகரில் மருத்துவர். மகள் ஷிகே சிகை அலங்கார நிலையம் நடத்துகிறாள். இன்னொரு மகன் போரில் இறந்துவிட்டான். அவனுடைய மனைவி நோரிகோ அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு தனியே வாழ்கிறாள். பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டுபவள் மருமகள்தான். பிள்ளைகள் பணத்தைப் பங்கு போட்டுப் பெற்றோரை அடாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள்; அங்கே இரவு முழுவதும் சீட்டாட்டமும் பாட்டும் கூச்சலுமாக இருக்க, தூக்கம் கெட்டு மறுநாளே திரும்புகிறார்கள். அன்றிரவு ஷிகே வீட்டில் கூட்டம் ஒன்று இருப்பதால் தங்க இடமில்லை. நமக்கு வீடே இல்லாமல் போய்விட்டதே என்று கிழவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஊர் திரும்பிய சில நாட்களில் டோமி இறந்துபோகிறாள்.

இப்போது இந்தக் கதையில் எவை காட்டப்படவில்லை என்று பாருங்கள். திரும்பும் ரயிலில் டோமிக்கு உடல்நலம் கெட்டு, வழியில் ஒசாகாவில் இறங்க நேர்கிறது. ரயிலும் இல்லை, மயக்கமும் இல்லை. ஒசாகாவில் ரயில்வேயில் வேலை செய்யும் இளைய மகன் கெய்சோ, அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரிடம் பேச்சுவாக்கில் சொல்வதன் மூலமே நமக்கு அது தெரிகிறது. ஒனோமிச்சியில் அவள் நிலை மோசமாவதையும் நாம் பார்ப்பதில்லை. டோக்கியோவுக்குத் தந்தி வருகிறது, ஷிகே அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். இரவில் கோயிச்சி, விடியும் வரை தாங்குவது கடினம் என்று தாழ்ந்த குரலில் கூறுகிறான். அடுத்து ஆளில்லாத துறைமுகமும் விடியற்காலைத் தெருவும் வருகின்றன. மீண்டும் வீட்டுக்குள் வரும்போது டோமியின் முகத்தின்மேல் வெள்ளைத் துணி கிடக்கிறது. உயிர் பிரிந்த கணம் இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில் எங்கோ நடந்து முடிந்துவிட்டது.

அப்படியானால் 136 நிமிடங்களில் எதைத்தான் காட்டுகிறார்? படத்தின் தொடக்கத்தில் கிழவனும் கிழவியும் பெட்டி கட்டுகிறார்கள். காற்றடிக்கும் தலையணை உங்களிடம் இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். உன்னிடம்தான் கொடுத்தேன் என்கிறார் அவர். இங்கே இல்லை என்று அவள் சொல்லியும், உன் மூட்டையில்தான் இருக்கும் என்று அவர் சாதிக்கிறார். சற்று நேரத்தில் தன் பக்கத்திலேயே கண்டெடுத்து, இதோ இருக்கிறது என்கிறார். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நாற்பது ஆண்டுத் தாம்பத்தியம் எப்படி நடந்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை. டோக்கியோவில் ஷிகேயின் கணவன் அசகுசாவிலிருந்து நல்ல இனிப்புப் பலகாரம் வாங்கி வருகிறான்; இவர்களுக்கு எதற்கு இவ்வளவு விலையில், அரிசி முறுக்கே போதும் என்கிறாள் ஷிகே, அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருத்தி, அவர்கள் யார் என்று கேட்கும்போது, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறாள்.

இந்த ஷிகேயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனெனில் படத்தின் உயரம் இந்தப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. நடித்தவர் மேடை நாடகத்தில் பெயர் பெற்ற ஹருகோ சுகிமுரா. தந்தி வந்தவுடன், துக்க உடையையும் எடுத்துச் செல்லலாமா என்று அண்ணனிடம் கேட்பவள் அவள்தான். தாய் பிழைக்கமாட்டாள் என்று கேட்டதும் அடக்க முடியாமல் அழுபவளும் அவள்தான், அந்த அழுகையில் பொய் துளியும் கிடையாது. இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் உணவுக்கு உட்கார்ந்த கையோடு, அம்மாவின் சாம்பல் நிற இடைப்பட்டியும் கோடைக்காலக் கிமோனோவும் எனக்கு வேண்டும், எடுத்து வை என்று தங்கையிடம் சொல்கிறாள். இவை மூன்றும் ஒரே பெண். சாதாரண இயக்குநர் இவளை வில்லியாக்கியிருப்பார், அல்லது கடைசியில் தந்தையின் காலில் விழவைத்துத் திருத்தியிருப்பார். ஓசுவும் அவருடன் திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் இரண்டையும் செய்யவில்லை. அவள் அன்று மாலை ரயிலைப் பிடித்து வேலைக்குத் திரும்பிவிடுகிறாள்.

கடைசித் தங்கை கியோகோவால் இதைப் பொறுக்க முடியவில்லை. அண்ணனும் அக்காவும் சுயநலக்காரர்கள் என்று அவள் நோரிகோவிடம் பொருமுகிறாள். பிள்ளைகள் வளர்ந்தால் அவரவர் வாழ்க்கை என்று ஆகிவிடுகிறது, நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள் நோரிகோ. வாழ்க்கை ஏமாற்றமாகத்தானே இருக்கிறது என்று கியோகோ கேட்க, ஆமாம் என்கிறாள், புன்னகையுடன். நோரிகோவாக நடித்த செட்சுகோ ஹராவின் அந்தப் புன்னகையைப் பற்றி உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதனால் நான் கூடுதலாக எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒளிப்பதிவு பற்றி ஒரு செய்தி. ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுடாவின் கேமரா, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் சற்றுக் கீழே வைக்கப்பட்டிருக்கும். மிக அரிதாகவே நகரும். பேசுபவர்கள் ஏறத்தாழ நேராக நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள். இதனால் பார்வையாளர் எந்தப் பக்கத்துக்கும் சாய முடிவதில்லை, அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுபது வயதை நெருங்கும் ஷுகிச்சியாக நடித்த சிஷு ர்யூவுக்கு அப்போது வயது 49 தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மனைவி இறந்த காலையில் அவர் வெளியே நிற்பதைப் பாருங்கள். தேடிவரும் மருமகளிடம், விடியல் அழகாக இருந்தது, இன்றும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். அவ்வளவே.

அகிரா குரோசாவா 1952-இல் எடுத்த ‘இகிரு’ இதற்கு நேர் எதிரான குணம் கொண்ட படம். உரக்கப் பேசுவது, கண்ணீரை மறைக்காதது. ஆனால் அதுவும் இதே துணிச்சலைக் காட்டுகிறது. தகாஷி ஷிமுரா நடித்த வாடனபே, வயிற்றுப் புற்றுநோய் கண்ட நகராட்சி அதிகாரி. சாக்கடைத் தேக்கத்தை மூடிக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைப்பது என்று அவர் முடிவு செய்து அலுவலகத்திலிருந்து வேகமாக வெளியேறுகிறார். உடனே கதைசொல்லியின் குரல், ஐந்து மாதங்களுக்குப் பின் நம் நாயகர் இறந்துபோனார் என்று அறிவிக்கிறது. படத்தில் இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்கி இருக்கிறது! அவர் போராடி வென்ற கதையை, துக்க வீட்டில் குடித்துக்கொண்டிருக்கும் சக ஊழியர்களின் வாயிலிருந்து துண்டு துண்டாகத்தான் பெறுகிறோம். துணை மேயர் பூங்காவின் பெருமையைத் தனதாக்கிக்கொள்ளப் பார்க்கிறார். போதை ஏறிய ஊழியர்கள், இனி நாமும் அவரைப்போல் உழைப்போம் என்று சபதம் செய்கிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தவர்களை, பழையபடியே வேறு துறைக்குப் போகச் சொல்கிறார்கள். கிமுரா என்ற ஊழியர் ஒருவர் மட்டும் ஆவேசமாக எழுந்து நிற்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள், மெல்ல உட்கார்ந்து கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்துபோகிறார். பனியில் ஊஞ்சலாடியபடி வாடனபே பாடும் காட்சிதான் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கு இந்த உட்காருதல்தான் பெரியது.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) ஓர் இடம் மட்டும் சொல்கிறேன். வெளியூரிலிருந்து திரும்பிய ஹரிஹரன், மகள் துர்கா இறந்தது தெரியாமல், அவளுக்கென்று வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகிறான். அதுவரை கல்லாக இருந்த அவன் மனைவி சர்வஜயா உடைந்து கதறுகிறாள். ஆனால் அந்தக் கதறலின் ஒலியை ராய் நமக்குத் தரவில்லை. அதன் இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற நரம்பிசைக் கருவி உச்ச ஸ்தாயியில் ஒலிக்கிறது. நடிகை கருணா பானர்ஜி அழுதது திரையில் முழுமையாக இருக்கிறது, காதுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) கொலை வழக்கொன்றில் தீர்ப்பு முடிவு செய்யக் கூடிய பன்னிரண்டு ஜூரி ஆண்கள் தொடக்கம் முதல் இறுதி வரை கத்திக்கொண்டே இருக்கும் படம், அது மட்டும் எப்படிச் சிறந்ததாயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனினும் அந்தப் படத்தில் கொலை காட்டப்படுவதில்லை, வழக்கு விசாரணை காட்டப்படுவதில்லை, குற்றம் சாட்டப்பட்ட பையனின் முகம் தொடக்கத்தில் ஒரு தடவை வந்து போவதோடு சரி. அவன் உண்மையிலேயே கொன்றானா என்பதற்குக் கடைசிவரை விடையும் இல்லை. ஒரே அறையில், நேரம் செல்லச் செல்லக் கேமராவைத் தாழ்த்திக்கொண்டே வந்து, இறுதிப் பகுதியில் கூரை தெரியும்படி செய்து, அறை நெருக்குவதுபோன்ற உணர்வை லூமெட் உண்டாக்கினார். கூச்சல் அங்கே மேலோட்டமான ஒன்று. காட்டாமல் விட்டதன் அளவைப் பார்த்தால் அதுவும் ஓசுவின் கட்சிதான்.

‘டோக்கியோ ஸ்டோரி’ மெதுவாக நகர்கிறது என்று குறைசொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்க்காதீர்கள். மாமியார் அபாயக் கட்டத்தில் இருக்கிறார் என்று நோரிகோவுக்கு அலுவலகத்தில் தொலைபேசி வருகிறது. அவள் தன் மேசைக்குத் திரும்பி அசையாமல் உட்காருகிறாள், தட்டச்சு இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் அங்கே ஒரு பெண் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டுமே மிஞ்சும். அடுத்த காணொளியில், ‘டோக்கியோ ஸ்டோரி’க்குத் தூண்டுதலாக அமைந்த, லியோ மெக்கேரி 1937-இல் இயக்கிய ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.