ஐஸ் பெட்டியும் கிளினிக் அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் வடக்கே வன்னியில் குடும்ப நல உத்தியோகத்தராக, அதாவது ஊர் மருத்துவிச்சியாக, இருந்து ஓய்வுபெற்றவள் நான். யுத்தகாலத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ஐஸ் பெட்டி.

போலியோ சொட்டு மருந்து சூடு தாங்காது. 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். எங்களிடம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிதான். அந்த மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. விடியமுன் ஐஸ் அடுக்கி, பெட்டியை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவோம்.

1995இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து நாட்கள் நடந்தன. அந்த நாட்களில் சுடுவதில்லை என்று அரசும் விடுதலைப் புலிகளும் இணங்கினார்கள். இதற்கு முன்மாதிரி, உள்நாட்டுப் போர் நடந்த மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோர். 1985இல் ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெப்பின் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அந்த நாட்டு ஜனாதிபதி டுவார்ட்டேயுடன் பேசினார். கெரில்லாக்களுடன் பேசியது கத்தோலிக்கத் திருச்சபை. மூன்று நாட்கள் துவக்குகள் ஓய்ந்தன, ஏறக்குறைய 250,000 பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கிடைத்தது. 2024 செப்டெம்பரில் காசாவிலும் இப்படித்தான், ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வாயில் சொட்டு விழுந்தது. ஆனால் சொட்டுக் கொடுத்த இடங்களுக்கு வெளியே குண்டு விழுவது நிற்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

துவக்கு ஓய்ந்தால் மட்டும் மருந்து பிள்ளையின் வாய்க்கு வந்துவிடாது. இடம்பெயர்ந்து வந்த குடும்பம் எந்த மரத்தடியில் தறப்பாள் கட்டியிருக்கிறது என்று கிராம சேவையாளருக்குத்தான் தெரியும். எரிபொருளுக்குக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், கடிதம் தர வேண்டும். பள்ளிக்கூடத்தை அதிபர் திறந்துவிட வேண்டும். கோயில் ஒலிபெருக்கியில் யாராவது சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். யாரும் யாரையும் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லவில்லை.

மற்ற நாட்களில்?

ஒரு தாய் என்னிடம் வந்தா. ஷெல் விழுந்து வீடு எரிந்ததில் மகளின் பிறப்புச் சான்றிதழும் போய்விட்டது. மிஞ்சியது பிள்ளையின் கிளினிக் அட்டை மட்டும். சொப்பிங் பையில் நாலாய் மடித்து, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தா. வியர்வையில் மை பரவியிருந்தாலும் பிறந்த திகதி தெரிந்தது. மாதாமாதம் எடுத்த நிறை தெரிந்தது. ஏற்றிய ஊசியெல்லாம் வரிசையாய் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கேட்டார்கள். பதிவாளர் கந்தோர் இருந்தது சண்டைக்கு அந்தப் பக்கம். நிவாரண அட்டையில் பேர் சேர்க்கவும் அதே சான்றிதழைத்தான் கேட்டார்கள். அரச முத்திரை குத்திய அந்தக் கிளினிக் அட்டையை ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. சொட்டு மருந்து நாளில் என்னோடு ஒரே மேசையில் இருந்தவர்கள்தான் அவர்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். தனித்தனியே ஒவ்வொருவரும் தன் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனால் அந்த விதிகளுக்கு நடுவில் பிள்ளை விழுந்துபோகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தறப்பாளுக்குள் இருக்கும் பிள்ளையைத்தான் யுத்தம் முதலில் கண்டுபிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்த ஒரு நாள் மேசையைக் கலைக்கக் கூடாது. ஒரு கந்தோர் எழுதிய பேரை மற்றக் கந்தோரும் நம்ப வேண்டும்.

கடைசியில் அந்த அட்டையில் இருந்ததை நான் ஒரு தாளில் எழுதினேன். கிராம சேவையாளர் கையெழுத்திட்டார். அதிபர் ஏற்றுக்கொண்டார். எட்டு மாதம் பிந்தி, அந்தப் பிள்ளை தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு முதலாம் வகுப்பில் போய் இருந்தாள். அட்டையைத் தாய் திரும்ப வாங்கி, அதே பையில் மடித்து வைத்துக்கொண்டா.