புரட்டிப் பார்த்து எண்ணுங்கள்

(சென்னை மயிலாப்பூரில், முதியோர் நலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அறங்காவலர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் தாம்பரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் வந்திருக்கும் மூத்தோரே, வணக்கம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். முதியோர் இல்லங்களில் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது என்று அளக்க மூன்று கேள்விகள்: யார் பார்ப்பது, எப்படி எண்ணுவது, எண்ணியபின் என்ன செய்வது.

முதல் கேள்வி. நான் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள். என் அத்தையை ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். ஞாயிறுதோறும் போவேன். தலை வாரி, பவுடர் போட்டு, கழுத்துவரை போர்த்தியிருப்பார்கள். "புண் ஏதும் இல்லையே?" என்பேன். நோட்டைக் காட்டுவார்கள், "இல்லை" என்றிருக்கும். நம்பிவிட்டேன். நர்ஸாக இருந்தும் நம்பினேன். ஒரு ஞாயிறு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடியே, இடுப்புக்குக் கீழே எறும்பு கடிக்குதுடி" என்றாள். போர்வையை விலக்கி, ஆயாம்மாவும் நானுமாகப் புரட்டினோம். வால் எலும்புக்கு மேலே, எலுமிச்சம்பழம் புகுமளவு குழி. ஆயாம்மா அழுதுவிட்டார். "ராத்திரியில இருபது பேருக்கு நான் ஒருத்திம்மா" என்றார்.

நோட்டைப் பார்த்து எண்ணினால் என் அத்தை கணக்கில் வரவே மாட்டாள். நெதர்லாந்தில் 1998-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், குறித்த ஒரே நாளில் இரண்டு நர்ஸுகள் சேர்ந்து ஒவ்வொருவர் உடம்பையும் பார்ப்பார்கள். ஒருவர் அந்த வார்டு, மற்றவர் வேறு வார்டு. தன் வார்டைத் தானே மதிப்பிட்டால் கண் கொஞ்சம் சலுகை காட்டும் அல்லவா! நமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். முதல் நிலைப் புண்ணில் தோல் கிழியாது, சிவக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. குதிகாலையும் இடுப்பையும் தொட்டு, சூடா, கெட்டியா என்று பார்க்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

எப்படி எண்ணுவது? அன்றைக்குப் புண் உள்ளவர்களை, பார்க்கப்பட்டவர்கள் தொகையால் வகுக்க வேண்டும். 40 பேரில் 6 என்றால் 15 சதவீதம். புண்ணோடு வந்து சேர்ந்தவர்களைத் தனியே குறிக்க வேண்டும். இதை மருத்துவர்கள் விரிவாகச் சொல்வார்கள்.

நான் அந்த ஆயாம்மாவுக்காகத்தான் வந்திருக்கிறேன். ஒருவரைப் புரட்ட ஐந்து நிமிஷம் என்று வையுங்கள். இருபது பேருக்கு 100 நிமிஷம். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டு என்கிறோம். மிச்சம் 20 நிமிஷம். டயபர் மாற்ற, தண்ணீர் கொடுக்க, அவர் உட்கார எங்கே நேரம்? இரவுப் பணிக்கு இரண்டாவது ஆள் போடுங்கள் என்றுதான் நான்கு வருஷமாகக் கேட்கிறேன்.

தலைவர் மணி அடித்துவிட்டார். மூன்றாவது கேள்வி நிற்கட்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.