பெயர் எழுதாத பாட்டுப் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெல்ஜியத்தில் ஒரு கலைப்பொருள் வியாபாரி ஏலத்தில் ஒரு பழைய கையெழுத்துப் புத்தகம் வாங்கினார். நீளம் 12 சென்டிமீட்டர், அகலம் எட்டரை. நம் கைபேசியை விடக் குட்டை. 1470களில் எழுதிய அந்தப் புத்தகத்தில் 50 பாடல்கள், இசைக்குறிகளோடு இருந்தன. 2016-இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, லூவன் நகரின் இசை ஆய்வு மையத்திடம் கொடுத்தது. முதல் பாட்டு மாதாவின் மேல் பாடிய லத்தீன் பாட்டு. மற்றவை பிரெஞ்சுப் பாட்டுகள், பெரும்பாலும் காதல்தான்.

எந்தப் பாட்டிலும் இயற்றியவர் பெயர் இல்லை. வேறு சுவடிகளோடு ஒப்பிட்டுத்தான் இது ஒக்கேகெம் இயற்றியது, இது பினுவா இயற்றியது என்று அடையாளம் கண்டார்கள். 12 பாடல்கள் வேறெந்தச் சுவடியிலும் இல்லை. இந்தக் குட்டிப் புத்தகம் தொலைந்திருந்தால் அந்தப் பன்னிரண்டும் போயிருக்கும். இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களை விரித்தால், பெரும்பாலும் இடப்பக்கம் மேல்குரல் இருக்கும். வலப்பக்கம் டெனார் என்ற கீழ்க்குரல், அத்தோடு கான்ட்ராடெனார் என்ற மூன்றாம் குரல். ஒரே நேரத்தில் பாட வேண்டியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக அமைந்திருக்காது, மூன்று குரலும் தனித்தனியாகவே இருக்கும். தாளத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகளும் கிடையாது. ஆகவே மற்றவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

பெயர் தெரிந்தும் அதிகம் பேசப்படாதவர்களில் எனக்குப் பிடித்தவர் ராபர்ட் மோர்ட்டன். இங்கிலாந்துக்காரர், பாதிரியார். 1457 முதல் 1476 வரை ஐரோப்பாவின் பர்கண்டி என்ற பிரபு நாட்டின் அரசவைத் தேவாலயத்தில் பாடகர். தினமும் வழிபாட்டில் பாடியவர்தான். ஆனால் இன்று நம் கையில் இருப்பது அவருடைய காதல் பாட்டுகள் மட்டுமே, அதுவும் ஒரு டஜனுக்குள். அதே அரசவையில் ஹெய்ன் என்ற இசைக்காரரும் இருந்தார். இருவரும் கம்ப்ரே நகரத்துக்குப் போய்க் கொண்டாடியதை வைத்தே யாரோ ஒருவர் ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். அவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

சரி, மோர்ட்டனின் பாட்டு ஒன்றைக் கேட்போம். 'உங்கள் நினைவு என்னைக் கொல்கிறது, என் ஒரே செல்வமே, உங்களைக் காணாததால்' என்று தொடங்கும். ரொந்தோ என்ற வகை இது. பல்லவி முழுதாக வரும். நடுவில் அதன் முற்பாதி மட்டும் எட்டிப் பார்க்கும். கடைசியில் மறுபடி முழுசாக வரும். ஆக, 'கொல்கிறது' என்ற சொல்லை மூன்று தடவை கேட்பீர்கள். முதல் தடவை அது வெறும் செய்தி. நடுவில் வரும்போது, மேல்குரலை விட்டுவிட்டு டெனாரைக் கவனியுங்கள்.