பட்டை மேலேயா, கீழேயா?

நேயர்களுக்கு வணக்கம். நோர்வேக்காரர்களைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். எண்ணெய், மீன், நோபல் அமைதிப் பரிசு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் நான் விறகைப் பற்றிப் பேசுகிறேன்.

2013 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்நாட்டு அரச ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. பன்னிரண்டு மணி நேரம் விறகைக் காட்டியது. முதலில் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிப் பேச்சு. அப்புறம் எட்டு மணி நேரம் ஒரு கணப்படுப்பில் கட்டைகள் எரிவது நேரலையாக! நடுநடுவே ஒரு கை வந்து இன்னொரு கட்டையைப் போடும், அவ்வளவுதான். இதற்கும் குறுஞ்செய்தி அனுப்பிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அடுக்கும்போது மரப்பட்டை மேலே பார்த்து இருக்க வேண்டும், அதுதான் மழைக்குக் கூரை என்று ஒரு கட்சி. கீழே பார்த்து இருந்தால்தான் கட்டை காயும் என்று எதிர்க்கட்சி. முறைப்பாடு செய்தவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்களாம்.

இப்படி மணிக்கணக்கில் காட்டும் பைத்தியம் தொடங்கியது 2009இல். பேர்கன் – ஒஸ்லோ ரயில் பாதைக்கு நூறு வயது. ரயிலில் கமராக்களைப் பொருத்தி, ஏழு மணி நேரத்துக்கும் மேற்பட்ட முழுப் பயணத்தையும் வெட்டாமல் ஒட்டாமல் போட்டார்கள். சுரங்கத்துக்குள் போனால் இருட்டுத்தானே, அங்கே மட்டும் பழைய ஆவணக் காட்சிகள். அப்போது ஐம்பது இலட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் பன்னிரண்டு இலட்சம் பேர் எப்போதாவது எட்டிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் தாமஸ் ஹெல்லும் என்பவர் ஒரு மேடையில் சொன்ன கதை எனக்கு மிகவும் பிடிக்கும்: 76 வயதுப் பெரியவர் ஒருவர் முழுவதையும் பார்த்து முடித்து, கடைசி நிலையம் வந்ததும் பெட்டியை எடுக்க எழுந்தாராம், தலை போய்த் திரைச்சீலைக் கம்பியில் இடித்த பிறகுதான் தன் வீட்டு வரவேற்பறையில் இருப்பது நினைவுக்கு வந்ததாம்.

2011இல் கப்பல். பேர்கனிலிருந்து வடகோடியில் உள்ள கிர்கெனெஸ் வரை, 134 மணி நேரம் நேரலை. கரையோர ஊர்க்காரர்கள் கொடியோடும் படகோடும் வந்து கையசைத்தார்கள், அரசி சோன்யாவும் அரச படகிலிருந்து கையசைத்தார். பார்க்க வந்தவர்களே நிகழ்ச்சியாகிப் போன இடம் இதுதான். நாலு நொடியில் கண்ணைப் பிடிக்காவிட்டால் விரல் தள்ளிவிடும் என்று வீடியோ போடுகிறவர்கள் பயந்து சாகிறார்கள். இங்கே கரையில் நடக்கிற ஒரு மாட்டை, அது எங்கேதான் போகிறது என்று கமரா பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தது, சனங்களும் கூடவே பார்த்தார்கள். பொறுமையான மனிதர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். என் கணக்கில் இது வேடிக்கை பார்க்கிற குணம், நம் திண்ணையில் இருந்ததுதான், அவர்கள் அதற்கு ஒரு நேரலை வண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லாம் வெற்றி என்றும் இல்லை. 2013 நவம்பரில் ஆட்டின் முதுகிலிருந்து உரோமத்தை வெட்டி, நூலாக்கி, ஸ்வெட்டர் பின்னி முடிக்கும் உலக சாதனையை முறியடிக்கப் போய், இரவெல்லாம் பின்னியும் ஆஸ்திரேலியர்களிடம் தோற்றார்கள். 2017இல் கலைமான்களின் இடப்பெயர்ச்சியை நேரலை செய்யக் கிளம்பினார்கள். மான்களோ நிகழ்ச்சி நிரலைப் பார்க்கவில்லை, மெதுவாக மேய்ந்துகொண்டு நின்றன, கடைசியில் நேரலையை இடையில் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

வணக்கம்.