நல்லர்பார் சமவெளி: சைக்கிளுக்குத் துணை போற வேன் எங்க நிக்கணும்?

[திரையில்: ஆஸ்திரேலிய வரைபடம். செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை சிவப்புக் கோடு]

குரல்: தெற்கு ஆஸ்திரேலியாவுல செடூனா, மேற்கு ஆஸ்திரேலியாவுல நார்ஸ்மன். நடுவுல நல்லர்பார் சமவெளி வழியா ஏறத்தாழ 1,200 கி.மீ. அயர் நெடுஞ்சாலை. ஆர்தர் ரிச்சர்ட்சன் 1896ல இந்த வறண்ட நிலத்தை சைக்கிள்ல கடந்தப்போ தார் ரோடே கிடையாது. முழுசா தார் போட்டு முடிச்சது 1976லதான்.

வேன் பின்னாடியே ஊர்ந்து வந்தா பாதுகாப்புன்னு தோணும். இங்க அது ஆபத்து. பல டிரெய்லரை இழுத்துக்கிட்டு 36 மீட்டர் நீளத்துல வர்ற ‘ரோடு ட்ரெயின்’ லாரிக்கு சைக்கிள் தெரியாம வேன் மறைச்சிடும். முந்திப்போக வேண்டிய தூரமும் கூடிடும். அதனால வேன் 20 கி.மீ. முன்னாடி போய், ரோட்டை விட்டு முழுசா இறங்கி நிக்கட்டும். கடும் வெயில்னா 10 கி.மீ. போதும்.

[திரையில்: கைக்கடிகாரமும் போனும், 45 நிமிஷ வித்தியாசத்தோட]

சந்திக்கிற இடத்தைக் கிலோமீட்டர்ல சொல்லுங்க, மணியில வேண்டாம். மாநில எல்லைகிட்ட இருக்கிற யூக்லா ஊர்ப் பக்கம் உள்ளூர் நேரம் மேற்கு ஆஸ்திரேலிய நேரத்தை விட 45 நிமிஷம் முன்னாடி. போன் அதைக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். எதிர்காத்துல 20 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். அதையும் தாண்டி அரை மணி ஆனா வேனைத் திருப்பிடுங்க. போன் சிக்னலை நம்பாதீங்க, சாட்டிலைட் கருவி சைக்கிள் ஓட்டறவர்கிட்டயும் வேன்லயும் இருக்கணும்.

வேன்ல யு.எச்.எஃப். ரேடியோ (பக்கத்து வண்டிகளோட நேரடியா பேசற ரேடியோ) கட்டாயம். லாரி ஓட்டுநர்கள் பேசறது 40ஆம் சேனல்ல. வழியில வர்ற மதுராங்கிற இடத்துப் பக்கம்னா: "மதுராவுக்குக் கிழக்கே 15 கி.மீ., மேற்கு நோக்கி ஒரு சைக்கிள்" — அவ்வளவு சொன்னா போதும், ஒதுங்கிப் போவாங்க.

[திரையில்: லாரி, சைக்கிள், காத்து: அம்புக்குறிப் படம்]

மேற்கே போறவருக்கு வடக்குக் காத்துதான் பெரிய தலைவலி. காத்து வலப்பக்கம் அடிக்கிறதால உடம்பு வலப்பக்கமே சாய்ஞ்சிருக்கும். லாரியும் அந்தப் பக்கமாத்தான் முந்தும். அது காத்தை மறைச்ச நொடியில சைக்கிள் லாரிப் பக்கமே இழுக்கும். தாண்டினதும் காத்து திரும்ப அறையும். லாரிச் சத்தம் கேட்டதும் ஹேண்டில்பாரைக் கீழ்ப்பிடியில பிடிக்கணும். ரெண்டு லாரி எதிரெதிரே சந்திக்கும்னு தெரிஞ்சா யோசிக்காம சரளையில இறங்கிடணும்.

தண்ணி: சைக்கிள் ஓட்டறவருக்கு நாளுக்கு 10 லிட்டர், வேன்ல இருக்கிற ரெண்டு பேருக்கும் தலைக்கு 5. மூணு நாளைக்கு 60 லிட்டர். ஒரே பீப்பாய் வேண்டாம், 10 லிட்டர் கேன் ஆறா வைங்க. ஒண்ணு ஒழுகினாலும் மிச்சம் இருக்கும். வெறும் தண்ணியையே குடிச்சுக்கிட்டிருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம்னு போகும். உப்புக் கரைசலும் கூடவே வேணும்.

பங்சருக்கு அடிக்கடி காரணம் முள் இல்லை, வெடிச்ச லாரி டயரோட மெல்லிய கம்பி. டயர் உள்பக்கம் விரலை ஓட்டினா குத்தித்தான் தெரியும், அதனால துணியை ஓட்டிப் பாருங்க. சிக்கற இடத்துல சாமணத்தால பிடுங்குங்க. பிடுங்காம ட்யூப் மாத்தினா திரும்பவும் போகும்.

மேற்கு ஆஸ்திரேலியாவுல காய்குனா–பலடோனியா நடுவுல 182 கி.மீ.க்கு ரோடுஹவுஸ் (எரிபொருளும் சாப்பாடும் கிடைக்கிற வழியோர நிறுத்தம்) இல்லை. அதுல 146.6 கி.மீ. வளைவே இல்லாத நேர்கோடு. டீசல், தண்ணி ரெண்டையும் காய்குனாவுலயே நிரப்பிடுங்க.

இன்னொண்ணு, வாழைப்பழம். ரெண்டு மாநில எல்லையில இருக்கிற பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில பழம், காய்கறி, தேன் எல்லாத்தையும் வாங்கிடுவாங்க. அதுக்கு முன்னாடியே தின்னு தீர்த்துடுங்க. அங்கிருந்து நார்ஸ்மன் 700 கி.மீ.க்கு மேல, வழியில ரோடுஹவுஸ்ல சுடச்சுட சாப்பாடு கிடைக்கும், பழம் கிடைக்கும்னு நம்ப முடியாது. பேரீச்சம்பழமும் பறிமுதல் ஆகுமோன்னு குழம்பாம, பாக்கெட் பிஸ்கட், சாதம், டப்பா பயறுன்னு திட்டம் போடுங்க.