பந்தை நழுவவிட்ட 7-ஆம் நம்பர்

வணக்கம் மக்களே. சனிக்கிழமை, மேட்ச் முடிந்து கார் சீட்டிலிருந்தே பேசுகிறேன். ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் பாரமட்டா அணிக்கு 1986-க்குப் பிறகு கோப்பை வராத கதையை இன்றைக்குத் தொடப்போவதில்லை. இன்றைக்கு வேறு விஷயம், காலையிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

அக்கா பையன் ஆடுகிற 13 வயதுக்கு உட்பட்டோர் ரக்பி லீக் டீம் தெரியுமல்லவா, அவர்கள் மேட்ச்தான். நாங்கள் 16-12 முன்னிலை, ஆறேழு நிமிடம் பாக்கி. எதிரணி கிக்ஆஃப் உதைக்கிறது, நேராக எங்கள் ஹாஃப்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிற 7-ஆம் நம்பர் பையன் கைக்கு வருகிறது, மார்பில் பட்டு முன்னால் நழுவிவிட்டது. நாக்-ஆன், அதாவது பந்தை முன்னால் நழுவவிட்ட தப்பு; பந்து எதிரணிக்குப் போய்விடும். ஸ்க்ரம்மில் (இரண்டு அணியும் தோள் சேர்த்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) பந்து எடுத்து, மூன்றாவது டேக்கிளில் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) அவர்கள் டிரை போட்டு (கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது), கன்வெர்ஷனும் (டிரைக்குப் பிறகான கூடுதல் உதை) அடித்து 18-16 ஆக்கிவிட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர் உடனே, "அவனை வெளியே எடு, இவனெல்லாம் லீடரா" என்று கத்துகிறார். 12 வயசுப் பையனைப் பார்த்து! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். விடியற்காலையில் நல்ல மழை, பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. அதைச் சொல்லாமல் அந்தப் பையன் நழுவவிட்டான் என்று மட்டும் சொன்னால் நியாயமாகாது.

சரி, அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். இரண்டு கையையும் டிரவுசரில் அழுத்தித் துடைத்தான், ஒரு தரம். அவ்வளவுதான். அடுத்த முறை பந்து எங்களிடம் வந்ததும், டேக்கிளுக்குப் பின்னால் வந்து நின்று, கையை மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு "எனக்கு, எனக்கு" என்று கத்தினான். பந்தைக் கேட்டான்! தப்பு பண்ணிய அடுத்த நிமிடமே பந்தைக் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இதைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டக்காரர் பென் ஹண்ட் ஞாபகம்தான் வந்தது. 2015 கிராண்ட் ஃபைனல், பிரிஸ்பேன் பிராங்கோஸும் நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸும். கடைசி நொடிகளில் கௌபாய்ஸின் ஃபெல்ட் டிரை போட்டு 16-16, அதே அணியின் தர்ஸ்டன் ஓரத்திலிருந்து உதைத்த கன்வெர்ஷன் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்டன் பாயிண்ட், அதாவது கூடுதல் நேரத்தில் முதலில் பாயிண்ட் எடுப்பவருக்கே வெற்றி. அந்த கிக்ஆஃபைத்தான் பிராங்கோஸின் 7-ஆம் நம்பர் ஹண்ட் நழுவவிட்டார். தர்ஸ்டன் ஆட்டத்தின் நடுவிலேயே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல் அடித்தார், 17-16. கௌபாய்ஸுக்கு அதுதான் முதல் கோப்பை.

அதன்பிறகு பல வருஷம் ஹண்ட் என்றாலே அந்த ஒரு பந்துதான் பேச்சு. ஆனால் மனிதர் ஒதுங்கவில்லை. செயின்ட் ஜார்ஜ் இலவாரா அணிக்குப் போய் அங்கே கேப்டனானார். 2022 ஆரிஜின் (குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் தொடர்) மூன்றாவது மேட்சில் நியூ சவுத் வேல்ஸ் ஹாஃப்பேக் கிளியரி உதைத்த பந்தைப் பிடித்து ஓடிப்போய் டிரை போட்டு குயின்ஸ்லாந்தின் வெற்றியை உறுதி செய்தார். 2025-இல் பிராங்கோஸுக்கே திரும்பி வந்து, 26-22 என்று மெல்பர்னை ஜெயித்த அணியில் இருந்தார். சரியாகப் பத்து வருஷம்! பிராங்கோஸுக்கும் 2006-க்குப் பிறகு அதுதான் முதல் கோப்பை. நான் பிராங்கோஸ் ரசிகன் இல்லை, அது உங்களுக்கே தெரியும், ஆனாலும் அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளியரியையும் சொல்லத்தான் வேண்டும், அவருடைய பென்ரித் அணி எனக்குப் பிடிக்காது என்றாலும். 2023 ஃபைனலில் 24-8 பின்தங்கியிருந்து 26-24 ஜெயித்தது, கடைசி டிரையும் அவர்தான். கூட ஆடும் லுவாய் காயத்தில் வெளியே போன பிறகு மொத்தச் சுமையையும் தலையில் ஏற்றிக்கொண்டார். எத்தனை டிரைக்குப் பாஸ் கொடுத்தான் என்று மட்டும் எண்ணி ஹாஃப்பேக்குக்கு மார்க் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் அந்த ஹெட்கியர் (தலையில் மாட்டும் மெத்தைக் கவசம்) கதை. போன வீடியோவில் வாங்கப்போவதாகச் சொன்னேனே, தர்ஸ்டன் ஆடிய காலத்தில் மேட்ச் முடிந்ததும் கூட்டத்தில் ஒரு குழந்தைக்குத் தன் ஹெட்கியரைக் கொடுப்பாரே, அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அக்கா பையனுக்கும் ஒன்று வேண்டுமாம். 75 டாலர்! ஒரு துண்டு ஸ்பஞ்சுக்கு! அதுவும் மீடியம் வாங்கினேன், வீட்டில் போட்டுப் பார்த்தால் கண்ணை மறைக்கிறது. மாற்றப் போனால், அட்டையைப் பிரித்துவிட்டீர்களே என்கிறார் கடைக்காரர். பிரிக்காமல் தலையில் எப்படி மாட்டிப் பார்ப்பது? இருபது நிமிடம் நின்று பேசி, கடைசியில் ஸ்மால் சைஸ் வாங்கிவிட்டேன். நீலம் இல்லை, கறுப்புதான் கிடைத்தது. ஆனால் கச்சிதமாக உட்கார்ந்தது, இன்றைக்கு முழு மேட்சும் நகரவே இல்லை.

சரி, மேட்சுக்கு வருகிறேன். எங்கள் கடைசி செட், அதாவது கடைசித் தாக்குதல், ஐந்தாவது டேக்கிள். 7-ஆம் நம்பர் பையன் மூலைக்கு அழகாக ஒரு க்ரப்பர், தரையோடு உருளும் உதை, உதைத்தான். விங்கில், அதாவது மைதான ஓரத்தில், ஓடியது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். விழுந்தான், விரல் பட்டது, பந்து கோட்டைத் தாண்டி உருண்டு போனது. விசில். 18-16, தோற்றுவிட்டோம்.

இவன் எழுந்திருக்காமல் முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு கிடக்கிறான். முதலில் ஓடி வந்தது யார்? அந்த ஹாஃப்பேக்தான். பக்கத்தில் மண்டி போட்டு, ஹெட்கியர் வாரைக் கழற்றிவிட்டு, காதில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்துத் தூக்கினான். என்ன சொன்னான் என்று காரில் ஏறியதும் கேட்டேன். "கிக் கொஞ்சம் நீளமாயிடுச்சு, என் தப்புதான்னு சொன்னான் மாமா" என்றான்.

கிக் நீளமே இல்லை மக்களே. நான் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.